தீபாவளி விடுமுறையில் சின்னப் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவது? சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருக்கும் ஓர் இளம் தாயின் கேள்வி இது. மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்று. கணவருக்குச் செம்பனை ஆலையில் வேலை. தீபாவளியை ஒட்டி நாலு நாள்தான் லீவு. இங்கிலாந்தில் இருக்கும் அக்கா, தன் பிள்ளைகள் சிவந்த இலைக் குவியலில் குதிக்கிற படம், பூசணித் தோட்டத்தில் நிற்கிற படம் என்று அனுப்பிக்கொண்டே இருக்கிறாராம். "நம்ம ஊரில் இப்படி எதுவும் இல்லையே. கையில் ஒரு பழைய மைவி காரும் ஐந்நூறு வெள்ளிப் பணமும்தான் இருக்கிறது. எங்கே போகலாம்?" என்று கேட்கிறார்.

நான் முப்பது வருடம் பாலர் பள்ளியில் பிள்ளைகளோடு மாரடித்தவள். சொந்தமாக மூன்று, இப்போது பேரப்பிள்ளைகள் நான்கு. இதே வட்டாரத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். அந்த உரிமையில் சொல்கிறேன் தங்கச்சி.

முதலில் அக்காவின் படங்களைப் பார்ப்போம். அங்கே அக்டோபர் கடைசி வாக்கில் பள்ளிக்கு ஒரு வாரம் விடுமுறை. அந்த மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பிவிடுவார்கள். அதன் பிறகு சாயங்காலம் ஐந்து மணிக்குள் இருட்டிவிடும். அதனால்தான் அங்குள்ள தாய்மார்கள் வெளிச்சம் இருக்கும்போதே பிள்ளைகளுக்குக் கோட்டை மாட்டி வெளியே இழுத்துக்கொண்டு போகிறார்கள். படத்தில் தெரிகிற அந்தச் சந்தோஷம் பாதி நாளுக்குள் அடங்கியதுதான்.

நமக்கும் பாதி நாள்தான். அவர்களுக்கு இருட்டு, நமக்கு மழை. அக்டோபரும் நவம்பர் முற்பாதியும் நம் மேற்குக் கரையில் இரண்டு பருவக்காற்றுக்கு இடைப்பட்ட காலம். விடியும்போது வானம் கழுவித் துடைத்த மாதிரி இருக்கும். பதினொரு மணிக்கு வெயில் மண்டையைப் பிளக்கும். மூன்று மணிக்கு மலைப்பக்கம் கறுக்கும், நாலு மணிக்கு இடியோடு கொட்டும். இது தெரியாமல் பத்து மணிக்குச் சாவகாசமாகக் கிளம்பும் குடும்பங்கள்தாம் பெட்ரோல் நிலையத்துக் கூரைக்கடியில் பிள்ளைகளோடு ஒதுங்கி நிற்கின்றன. ஆகவே உங்கள் விடுமுறை நாள் என்பது காலை ஏழு மணியிலிருந்து மதியம் ஒரு மணி வரை. அதற்குள் ஓர் இடம். ஒன்றே ஒன்று. மூன்று வயதுப் பையன் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு காடியிலேயே தூங்கிவிடுவான், நீங்களும் மழைக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்துவிடுவீர்கள்.

இந்தப் புத்தி எனக்குச் சும்மா வரவில்லை. என் மூத்தவனுக்கு ஐந்து, அடுத்தவளுக்கு மூன்று வயதாக இருந்தபோது ஒரே நாளில் தண்ணீர்ப் பூங்கா, குகைக் கோவில், பேரங்காடி என்று திட்டம் போட்டுக்கொண்டு கிளம்பினோம். பெரிய சறுக்கில் ஏற உயரம் போதாது என்று பையனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சின்னவள் சறுக்கைப் பார்த்ததுமே அலறினாள். நான்கு பேருக்கு டிக்கெட் வாங்கி, முழங்கால் அளவுத் தண்ணீரில் உட்கார்ந்திருந்தோம். "இதற்கு வீட்டுப் பின்னால் இருக்கிற பேசினே போதுமே" என்றார் என் வீட்டுக்காரர். குகைக் கோவிலில் மழை, பேரங்காடியில் கூட்டம், வீட்டுக்கு வந்ததும் சின்னவளுக்குக் காய்ச்சல். அன்று பிள்ளைகள் வாய்விட்டுச் சிரித்தது ஒரே ஒரு தடவை. போகும் வழியில் ஒட்டுக்கடையில் நாசி லெமாக் வாங்க நிறுத்தினோம். அங்கே கோழிக்குஞ்சுகளுக்குப் பின்னால் ஓடினார்களே, அந்தப் பத்து நிமிடம்.

சரி, உங்கள் வீட்டு வாசலிலிருந்தே ஆரம்பிக்கிறேன். இலை இல்லை என்கிறீர்கள். ஆனால் கொட்டை இருக்கிறதே! செம்பனை வந்து பெரும்பாலான இடத்தைப் பிடித்துக்கொண்டாலும், நம் பக்கத்தில் சிறுதோட்டக்காரர்களின் கித்தா (ரப்பர்) மரங்கள் இன்னும் மிச்சம் இருக்கின்றன. ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை கித்தாக் காய் முற்றும். காய்க்கு மூன்று அறை, அறைக்கு ஒரு கொட்டை. உச்சி வெயிலில் ஓடு காய்ந்து இறுகி, 'டப்' என்று வெடித்துக் கொட்டையைப் பத்து மீட்டருக்கு மேலேகூட வீசும். தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான ஆயாக்கொட்டகையில் நாங்கள் படுத்திருக்கும்போது தகரக் கூரையில் அது விழுகிற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அக்டோபர் பிற்பகுதியில் போனாலும் சருகுக்குள் கிடப்பதைப் பொறுக்கலாம். ஒரு கொட்டையின் கோலம் இன்னொன்றில் இருக்காது. பழுப்பும் வெள்ளியும் கலந்த புள்ளிகளைப் பிள்ளைகளை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் மகள் அரை மணி நேரம் சோடி தேடிக்கொண்டிருப்பாள்.

அப்புறம் விளையாட்டு. சிமெண்டுத் தரையில் கொட்டையைப் பரபரவென்று தேய்த்துப் பக்கத்தில் இருப்பவர் கையில் வைத்தால் சுரீரென்று சுடும். இது நம் தோட்டத்தில் பிறந்த எல்லாருக்கும் தெரிந்த திருட்டுத்தனம். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து உள்ளங்கையால் ஓங்கி அடித்து, யாருடைய கொட்டை உடைகிறது என்று பார்ப்பது இன்னொன்று. கொட்டையில் துளை போட்டு, உள்ளே இருப்பதைக் குடைந்து எடுத்து, குச்சியும் நூலும் கோத்தால் இழுக்க இழுக்கச் சுற்றும் காற்றாடி கிடைக்கும். துளை போடுவதை அப்பா பார்த்துக்கொள்ளட்டும். உங்கள் அக்காவிடம் கேட்டுப் பாருங்கள், அங்கேயும் இலையுதிர் காலத்தில் பிள்ளைகள் குதிரைச் செஸ்நட் மரத்துக் கொட்டையைப் பொறுக்கி, நூலில் கோத்து, ஒன்றோடொன்று மோதி உடைப்பார்கள். கடல் தாண்டினாலும் பிள்ளைகள் கொட்டையைக் கண்டால் அடித்துத்தான் பார்க்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. பச்சைக் கித்தாக் கொட்டைக்குள் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது, கடிக்கக் கூடாது. மூன்று வயதுக்காரன் எதையும் வாயில் வைப்பான், தொண்டையிலும் அடைத்துக்கொள்ளும். எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கி டப்பாவில் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் கை கழுவுங்கள். தோட்டத்துக்குள் நுழையும் முன் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கைவிட்ட மரங்களில் மாட்டியிருக்கும் பால் கோப்பைகளில் மழைத்தண்ணீர் தேங்கி நிற்கும், அத்தனையும் கொசு. முழுக்கை சட்டையும் நீளக் காற்சட்டையும் போட்டுவிடுங்கள்.

இந்தக் கொட்டையை டப்பாவோடு எடுத்துக்கொண்டு முதல் நாள் கோலகங்சாருக்குப் போங்கள், அரை மணி நேரப் பயணம். அங்கே மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேலி போட்டு ஒரு கிழட்டுக் கித்தா மரத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். 1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அவற்றில் முளைத்தது கொஞ்சம்தான். மறு வருடம், 1877-இல், 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அதில் 9 கன்றுகளைப் பேராக் சுல்தானுக்கு ஆலோசனை சொல்லும் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ கோலகங்சாரில் நட்டார். அந்த வழியில் வந்ததுதான் இந்த மரம். நம் கொள்ளுத் தாத்தாக்கள் சேலத்திலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் திருச்சியிலிருந்தும் கப்பலேறி வந்ததற்கு மூலகாரணம் இந்த மாதிரி ஒரு கைப்பிடிக் கன்றுகள்.

இதையெல்லாம் ஆறு வயதுப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டுமா என்றால், வேண்டாம். என் பேத்தியிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "உன் டப்பாவில் இருக்கிற கொட்டைக்கு இதுதான் பாட்டி." அவள் ஒரு கொட்டையை எடுத்து வேலிக்கு வெளியே நின்றபடி மரத்துக்குக் காட்டினாள். அப்புறம் என்னைப் பார்த்து, "இதுக்குக் கண் தெரியாதா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை, ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தேன்.

மரத்தைப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். மிச்ச நேரத்துக்கு உபுடியா பள்ளிவாசலின் பொற்குவிமாடத்தை வெளியே நின்று பார்க்கலாம். 1913-இல் தொடங்கி 1917-இல் கட்டி முடித்தது. ஈப்போ ரயில் நிலையத்தை வடிவமைத்த ஹப்பாக்தான் இதற்கும் கட்டடக் கலைஞர். பக்கத்திலேயே, 1926-இல் ஆணியே அடிக்காமல் மரத்தாலும் மூங்கில் பாயாலும் கட்டிய இஸ்தானா கெனாங்கான் இருக்கிறது. சுவரில் மஞ்சளும் கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும் மூங்கில் பின்னல் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். வீட்டில் கோலம் போடும்போது அதே கட்டங்களை நினைவுபடுத்தலாம். ஆனால் பிள்ளைகளுக்கு நிஜமான வேட்டை சாயோங் பக்கத்து மண்பாண்டம்தான். 'லாபு சாயோங்' என்ற கறுப்புச் சுரைக்காய்க் கூஜாவைப் பார்த்திருப்பீர்கள். சூளையிலிருந்து சூடாக எடுத்து நெல் உமிக்குள் புதைப்பதால்தான் அந்தக் கறுப்பு. செய்கிற இடத்தில் கேட்டால் ஒரு கைப்பிடி களிமண் கொடுப்பார்கள். மாற்றுச் சட்டை எடுத்துப் போங்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

இரண்டாம் பயணம் தைப்பிங். இதற்குக் காடி வேண்டாம், ரயிலில் போங்கள். நான் இதை வற்புறுத்தியே சொல்வேன். சின்னப் பிள்ளைகளுக்குப் போகும் வழிதான் பாதி விடுமுறை. காடியில் இடுப்பைக் கட்டிப் பின்னால் உட்கார வைத்தால் "எப்போ வரும், எப்போ வரும்" என்று உயிரை எடுப்பார்கள். ரயிலில் எழுந்து நடக்கலாம், கழிவறை இருக்கிறது, ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்கலாம். இ.டி.எஸ். மின்ரயில் வண்டிகள் எல்லாம் நம் ஊரில் நிற்பதில்லை, அதனால் அட்டவணையைப் பார்த்து, விடுமுறைக் கூட்டத்துக்கு முன்னாலேயே டிக்கெட் எடுத்துவிடுங்கள். காலையில் போகிற வண்டி தோதாக இல்லையென்றால் கோலகங்சார் நிலையம் வரை காடியில் போய் அங்கே ஏறுங்கள்.

கோலகங்சார் தாண்டியதும் மகளை இடப்பக்கம், வலப்பக்கம் என்று மாறி மாறிப் பார்க்கச் சொல்லுங்கள். வயலுக்கு நடுவில் குனோங் பொண்டோக் என்ற சுண்ணாம்புக்கல் மலை தனியாக எழும்பி நிற்கும். பாடாங் ரெங்காஸைக் கடந்ததும் வண்டி புக்கிட் பெராப்பிட் சுரங்கத்துக்குள் நுழையும். மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளம். திடீரென்று ஜன்னல் கறுத்து, அதில் தன் முகமே தெரியும்போது பிள்ளைகள் போடும் கூச்சல் இருக்கிறதே, அதற்குத் தனி டிக்கெட் வாங்கலாம். சிலர் பயப்படுவார்கள். முன்கூட்டியே சொல்லி, உள்ளே நுழைந்ததிலிருந்து வெளியே வரும்வரை சத்தமாக எண்ணச் சொன்னால் பயம் எண்ணிக்கையில் கரைந்துவிடும். என் பேரன் நாற்பதுக்கு மேல் எண்ணத் தெரியாமல் மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தான்.

தைப்பிங்கில் இறங்கி வாடகைக் காடி பிடித்து நேராக விலங்குப் பூங்காவுக்குப் போங்கள். 1961-இல் திறந்தது, நாட்டின் பழைய விலங்குப் பூங்காக்களில் ஒன்று. கோலாலம்பூரில் இருப்பதைவிடச் சிறியதுதான், அதுவே வசதி. மூன்று வயதுக் கால்களுக்குத் தாங்கும். நிழல் உண்டு. மிருகங்கள் சுறுசுறுப்பாக இருப்பது காலையில்தான், பத்தரைக்கு மேல் புலியும் சிங்கமும் கால் நீட்டிப் படுத்துவிடும். பெரியவர்கள் செய்கிற தப்பு, ஒவ்வொரு கூண்டாக இழுத்துக்கொண்டு ஓடுவது. பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கே நில்லுங்கள். ஒரு தடவை நாங்கள் போனபோது, யானையைக் குழாயால் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவரை என் பேரன் அரை மணி நேரம் பார்த்தான். புலியைப் பார்க்கவே இல்லை. வீட்டுக்கு வந்து ஒரு மாதம் மோட்டார் கழுவும் குழாயோடு அலைந்தான்.

பூங்காவுக்குப் பக்கத்திலேயே ஏரித் தோட்டம். 1880-இல் கைவிட்ட ஈயச் சுரங்கக் குட்டைகளை வைத்து உருவாக்கியது. அங்கே கரையோரமாக நிற்கும் பிரமாண்டமான தூங்குமூஞ்சி மரங்கள் சாலையைத் தாண்டித் தண்ணீரைத் தொடுகிற மாதிரிக் கிளைகளை நீட்டியிருக்கும். அந்த மரத்து இலைகள் மாலையிலும் மழைக்கு முன் வானம் இருட்டும்போதும் கூம்பிக்கொள்ளும், அதனால்தான் நம்மவர்கள் அந்தப் பெயரை வைத்தார்கள். தைப்பிங்கோ தீபகற்பத்திலேயே அதிகம் மழை பெய்யும் ஊர். ஆகவே மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள்: "இலை தூங்கப் போனால் எனக்குச் சொல்." மழைக்கு முந்திய அரை மணி நேர அறிவிப்பு உங்களுக்கு இலவசம். மழை பிடித்துக்கொண்டால் கவலையில்லை, 1883-இல் ஆரம்பித்த பேராக் அருங்காட்சியகம் பக்கத்தில்தான். நாட்டின் முதல் அருங்காட்சியகம். உள்ளே இருக்கும் எலும்புக்கூடுகளையும் பாடம் செய்த மிருகங்களையும் பார்த்துச் சின்னவன் மிரளலாம். உங்கள் பிள்ளையை நீங்கள்தான் அறிவீர்கள்.

மறுபடி ஒரு நாள் காடியிலேயே தைப்பிங் பக்கம் போக மனம் இருந்தால் கோல செபெத்தாங்கைத் தேர்ந்தெடுங்கள். முன்பு அதற்குப் பெயர் போர்ட் வெல்ட். நம் நாட்டின் முதல் ரயில் 1885-இல் தைப்பிங்கிலிருந்து அங்கேதான் ஓடியது. தண்டவாளம் போய்விட்டது, நிலையத்துப் பெயர்ப்பலகை மட்டும் கடைகளுக்கு நடுவில் நிற்கிறது. அதில் ஆங்கிலம், ஜாவி (மலாயை எழுதும் அரபு எழுத்து), சீனம், தமிழ் என்று நாலு எழுத்திலும் ஊர்ப் பெயர் இருக்கும். பாலர் பள்ளியில் எழுத்துக் கூட்டப் பழகியிருக்கும் பிள்ளையை அந்தப் பலகைக்கு முன் நிறுத்தி, "எது நம்ம எழுத்து?" என்று கேளுங்கள். நூறு ஆண்டுக்கு முன்னால் ரயிலில் வந்து இறங்கிய கூலிக்காரர் ஒருவரும் அதே இடத்தில் நின்று இப்படித்தான் கூட்டி வாசித்திருப்பார் என்று எனக்குத் தோன்றும். பிள்ளைக்கு அது தோன்றாது, பரவாயில்லை.

அங்கே மாத்தாங் சதுப்புக்காட்டில் பலகை நடைபாதை போட்டிருக்கிறார்கள். கீழே சேற்றில் துடுப்பை ஊன்றித் துள்ளித் துள்ளி நடக்கும் மீன், ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த குட்டி நண்டு. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தால் மணி போவது தெரியாது. ஆற்றுப் பக்கம் வானத்தில் செம்பழுப்பு இறக்கையும் வெள்ளைத் தலையுமாக வட்டமிடுவது கருடன்தான், நம் பாட்டிமார் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் அதே பறவை. இங்கே அது காக்கை மாதிரிக் கூட்டமாகப் பறக்கும். என் மாமியார் முதல் தடவை பார்த்தபோது கன்னத்தில் போட்டுப் போட்டுக் கை ஓய்ந்துபோனார். கரிச் சூளைகளையும் பார்க்கலாம். காட்டை முப்பது ஆண்டுச் சுழற்சியில் வெட்டி, மறுபடி நட்டு, ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இந்தத் தொழில் நடக்கிறது. கவிழ்த்த சட்டி மாதிரி செங்கல் சூளைக்குள் மரக்கட்டை வாரக்கணக்கில் புகைந்து கரியாகும். இரவில் மின்மினி பார்க்கப் படகு உண்டு. ஆனால் மூன்று வயதுக்காரனை இருட்டில், கொசுவில், படகில் உட்கார வைப்பது யாருக்கும் விடுமுறை இல்லை. இரண்டு வருடம் போகட்டும்.

ஈப்போ பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் துணி எடுக்க எப்படியும் அங்கே போகத்தான் போகிறீர்கள். தீபாவளிக்கு முந்திய வாரம் லிட்டில் இந்தியாவுக்குப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். ஒருவர் கடைக்குப் போகட்டும், மற்றவர் பிள்ளைகளை டி.ஆர். சீனிவாசகம் பூங்காவில் ஓட விடட்டும். 1969-இல் மறைந்த அந்த ஈப்போ வழக்கறிஞர், அரசியல்வாதியின் பெயரால் உள்ள பூங்கா. ஊஞ்சல், சறுக்கு, நிழல் எல்லாம் உண்டு, கட்டணம் இல்லை.

பத்து காஜாவில் கெல்லி கோட்டை ஆறு வயதுக்காரிக்கு ஏற்றது. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்டத் துரை மாளிகை கட்ட ஆரம்பித்து, 1926-இல் லிஸ்பனில் இறந்துபோக, முடியாமலேயே நின்றுவிட்டது. கட்ட வந்த நம்மவர்களை விஷக்காய்ச்சல் வாரிக்கொண்டு போனதால், துரை பக்கத்திலேயே மாரியம்மனுக்குக் கோவில் கட்டிக் கொடுத்தார் என்பது கதை. அந்தக் கோவில் கூரையில் சாமிகளுக்கு நடுவே ஒரு வெள்ளைக்காரச் சிலையும் நிற்கிறது. "துரையைக் கண்டுபிடி" என்று சொல்லிவிட்டு நீங்கள் மரத்தடியில் உட்காரலாம். கோட்டைக்குள் மட்டும் சின்னவன் கையை விடாதீர்கள், மாடிப்படியும் மொட்டை மாடியும் அவனுக்காகக் கட்டியவை அல்ல.

இனி, போக வேண்டாம் என்று நான் சொல்லும் இடங்கள். கேமரன் மலை வேண்டாம். குளிர், தேயிலை, ஸ்ட்ராபெரி எல்லாம் நல்லதுதான். ஆனால் விடுமுறையில் பாதி நாடு அங்கேதான் ஏறும். சிம்பாங் பூலாய் வழியாகப் போனாலும் வளைவுகளில் பின்சீட்டு வாந்தி நிச்சயம், மேலே போனால் பிரிஞ்சாங் நெரிசலில் ஒரு மணி நேரம். போகத்தான் வேண்டுமென்றால் சாதாரண செவ்வாய், புதன் பார்த்துப் போங்கள். கிழக்குக் கரைத் தீவுகளையும் இப்போது மறந்துவிடுங்கள், நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கிவிடும், கடல் சீறும். லெங்கோங் பள்ளத்தாக்கு நம் வீட்டுக்குப் பின்புறம் மாதிரிதான். 1991-இல் தோண்டி எடுத்த, ஏறக்குறைய 11,000 ஆண்டுப் பழைய பேராக் மனிதன் இருக்கும் இடம், 2012-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஆனால் மூன்று வயதுக்கு அது வெறும் எலும்பு. பத்து வயதில் கூட்டிப் போங்கள்.

அருவி, ஆற்றங்கரை விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். இந்த மாதங்களில் மலையில் பெய்யும் மழை கீழே தெரியாது. உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆற்றில் திடீரென்று தண்ணீர் சுவராக வரும். மலாய்க்காரர்கள் 'கெப்பாலா ஆயர்' என்பார்கள். தெளிந்த தண்ணீர் கலங்கினாலோ, இலையும் குச்சியும் நுரையும் மிதந்து வந்தாலோ, சாமானை விட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறுங்கள். செருப்பைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். மதியத்துக்கு மேல் தண்ணீருக்குள் பிள்ளைகளை இறக்கவே வேண்டாம்.

நாலு நாள் லீவில் இரண்டு காலைப் பயணம் போதும். மிச்ச இரண்டு நாள் தீபாவளிக்கே உரியது, அதை வீட்டு வேலை என்று கணக்கிலிருந்து தள்ளிவிடாதீர்கள். எண்ணெய்ச் சட்டிப் பக்கம் பிள்ளைகளை விட வேண்டாம்; ஆனால் மாவு பிசைய, நெய் உருண்டை பிடிக்க, டின்னில் அடுக்க விடுங்கள். கோணல் மாணலாக இருக்கும் உருண்டைகளைத் தனி டின்னில் போட்டு, "இது பாப்பா பிடித்தது" என்று வருகிறவர்களுக்கு நீட்டினால் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். கோலத்துக்கு அரிசியில் உணவுச் சாயம் கலந்து நிழலில் உலர்த்தும் வேலையை முழுக்க மகளிடமே கொடுங்கள். சாயம் நகத்தில் ஒரு வாரம் நிற்கும், பள்ளியில் காட்டிக்கொள்ள அவளுக்கும் ஏதாவது வேண்டாமா?

தீபாவளிக்கு மறுநாள் காலையில், முடிந்தால், தாத்தா பாட்டி இருந்த லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பக்கம் ஒரு நடை போய் வாருங்கள். லயம் இடிந்திருக்கலாம், கோவிலும் ஒரு மாமரமும் மட்டும் நிற்கலாம். தாத்தா இருந்தால் அவரையே கூட்டிப் போங்கள், அவர் எந்த மரத்தில் உளி வைத்துப் பால் வெட்டினார், பால் வாளியைக் காண்டாக் கம்பில் எப்படித் தோளில் தூக்கினார் என்று காட்டட்டும். நம் ஊர்ப் பெயர் சரித்திரப் புத்தகத்தில் வருவது 1948 ஜூன் 16-ஆம் தேதி தோட்டத் துரைகள் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டு, அவசரகாலம் தொடங்கியதற்காக. என் அப்பாவுக்கு அந்த நாளைவிட அதிகம் நினைவில் இருந்தது பெரிய தோட்டங்களைக் கூறுபோட்டு விற்ற தோட்டத் துண்டாடல் காலமும், அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தோட்டத் தொழிலாளர்களைச் சேர்த்துத் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கமும்தான். பிள்ளைகளுக்கு இது இப்போது புரியாது. தாத்தா பேசும்போது பக்கத்தில் நின்றிருந்தால் போதும்.

பணம் பற்றிக் கேட்டீர்கள். ரயில் டிக்கெட், விலங்குப் பூங்கா நுழைவு, இரண்டு நாள் பெட்ரோல், ஐஸ் கச்சாங் எல்லாம் ஐந்நூறுக்குள் தாராளமாக அடங்கி மிச்சமும் வரும். உங்கள் மைகார்டு அடையாள அட்டையையும் பிள்ளைகளின் மைகிட் அட்டையையும் மறக்காமல் எடுத்துப் போங்கள், பல இடங்களில் உள்ளூர்க்காரர் கட்டணம் குறைவு. சாப்பாடு வீட்டிலிருந்தே கட்டுங்கள். புளிச்சாதமும் அவித்த முட்டையும் கெடாது, கடைத் தேடலில் பிள்ளை பசியில் கத்தவும் கத்தாது. பையில் துண்டு இரண்டு, மாற்றுடை, கொசு மருந்து, நெகிழிப் பை ஒன்று. அந்தப் பை வாந்திக்கும் ஆகும், பொறுக்கிய கொட்டைக்கும் ஆகும். ஒரே நேரத்தில் இரண்டுக்கும் வேண்டாம் என்று அனுபவத்தில் சொல்கிறேன்.

கடைசியாக, இலை. நமக்கும் இலையுதிர் காலம் உண்டு தங்கச்சி, அது அக்டோபரில் வராது, அவ்வளவுதான். பொங்கல் முடிந்து தைப்பூசத்தை ஒட்டி, ஜனவரி பிற்பகுதியிலிருந்து மார்ச் வரை, கித்தா மரம் இலையைக் கொட்டும். அதற்கு முன் தோப்பே மஞ்சளும் செம்பும் சிவப்புமாக மாறும். பெரியவர்களுக்கு அது பால் குறைகிற, கையில் காசு குறைகிற காலம், அதனால் யாரும் அதை அழகு என்று சொல்லிக் கேட்டதில்லை. பிள்ளைகளுக்கு அது முழங்கால் ஆழச் சருகு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டிப் போங்கள், முதலில் குச்சியால் சருகைக் கிளறிப் பூரான், பாம்பு இல்லை என்று பார்த்துவிட்டு, குவித்துக் குதிக்க விடுங்கள். திரும்பும்போது ஓட்டையில்லாத இலையாக இருபது பொறுக்கி, ஒரு வாளித் தண்ணீரில் ஊறப் போடுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை தண்ணீர் மாற்ற வேண்டும்; நாற்றம் அடிக்கும், வாளியைக் குளியலறைக்குப் பின்னால் வையுங்கள். மூன்று நான்கு வாரத்தில் சதை அழுகிவிடும். பழைய பல்துலக்கியால் மெதுவாகத் தேய்த்தால் நரம்பு மட்டும் வலை மாதிரி நிற்கும். புத்தகத்துக்குள் வைத்து உலர்த்தி, கோலத்துக்குக் கலந்த சாயத்தில் மிச்சம் இருந்தால் தோய்த்தெடுங்கள். அந்த வலையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு மகள் நிற்கிற படத்தை எடுத்து அக்காவுக்கு அனுப்புங்கள். அப்போது அங்கே மரங்கள் மொட்டையாக நிற்கும்.